மூவாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு அடி

இஸ்திரிக்காரர் ஒரு நாளைக்கு இருபத்தோராயிரம் அடி நடந்தார். நின்ற இடத்தைவிட்டு நகராமலே நடந்தார்.

இதில் மாயமந்திரம் ஒன்றுமில்லை. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத சலவைக்கூடத்தில் அவருக்கு வேலை. படுக்கை விரிப்புகளை ஆளுயர உருளை இயந்திரம் ஒன்று விழுங்கி, நசுக்கி, மறுபக்கம் துப்பிவிடும். காலர், பை, பொத்தான் என்று கொஞ்சம் மரியாதையோடு தொட வேண்டிய துணிகளை மட்டும் அதனிடம் கொடுக்க முடியாது. அப்படி வரும் டாக்டர்களின் வெள்ளைக் கோட்டுகள் எல்லாம் இவர் மேஜைக்கு. காலை ஏழு மணிக்கு மேஜை முன்னால் ஊன்றிய கால்கள் மதியம் சாப்பாட்டுக்கு ஒரு தடவை நகரும். பிறகு மூன்றரைக்கு வீட்டைப் பார்த்து நகரும். வலது கை மட்டும் முன்னும் பின்னும் போய்வந்துகொண்டே இருக்கும். அந்த வலது கையில்தான் ஃபிட்னஸ் பேண்ட் இருந்தது. கை ஒரு தடவை போய்வந்தால் கால் இரண்டு எட்டு வைத்ததாக அது எண்ணிக்கொண்டது. பாவம், அது கையில் வாழ்ந்த ஜீவன். கீழே கால் என்ன செய்கிறது என்று அதற்கு யார் சொல்வது?

பேண்டைக் கட்டிவிட்டவள் மகள். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவருடைய நெஞ்சில் ஓர் அடைப்பை எடுத்த டாக்டர், தினமும் பத்தாயிரம் அடி நடக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். மகள் டிரைவிங் ஸ்கூலில் பயிற்சியாளர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, அடுத்தவர் செய்யும் தப்புக்குத் தன் காலால் பிரேக் போடுகிற வேலை. வீட்டிலும் அதே சுபாவம்தான். மறுநாளே பேண்டோடு வந்து, "கையை நீட்டுங்கப்பா" என்றாள். அவர் வலது கையை நீட்டினார். மகள் கையை நீட்டச் சொன்னால் வலதா இடதா என்றா ஒரு தகப்பன் யோசித்துக்கொண்டு நிற்பான்? கட்டினாள். தன் கைபேசியிலும் அவர் கைபேசியிலும் ஒரே செயலியைப் போட்டு, இருவரையும் குடும்பம் என்ற பட்டியலில் சேர்த்தாள். அவருடைய எண் அவளுக்குத் தெரியும், அவளுடைய எண் அவருக்கு.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள் சாயங்காலமே ஃபோன் வந்தது.

"அப்பா! பத்தொன்பதாயிரம்! டாக்டர் பத்துதானே சொன்னார்? மெதுவாப்பா, மெதுவா."

ஃபோனை வைத்ததும் அவர் மனைவியிடம் நிஜத்தைச் சொன்னார். மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"சொல்லித் தொலைச்சுடாதீங்க. அவ பாட்டுக்கு நிம்மதியா இருக்கா. நீங்க ஊரைச் சுத்துறீங்கன்னு நம்புறா. முப்பது வருஷமா நானும் அதைத்தானே நம்பிட்டு இருக்கேன்."

அப்படி அந்தப் பொய் வீட்டில் ஒரு நபர் மாதிரி வளர்ந்தது. மூவரும் அதற்குச் சாப்பாடு போடாததுதான் குறை.

பிறகு மனைவி படுத்தாள். அவர் வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரியின் நாலாவது மாடி. நுரையீரல். மூன்று வாரம். இஸ்திரிக்காரர் லீவு போட்டுவிட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் குடியேறினார். இருபதாவது நாள் காலை மனைவி முனகினாள்.

"முதுகுக்குக் கீழ ஏதோ கோடு மாதிரி இருக்குங்க."

அவர் கையை விட்டுத் தடவிப் பார்த்தார். கோடு இருந்தது. உருளைக்குள் போகும்போது விரிப்பு கொஞ்சம் மடங்கிவிட்டால் விழுகிற கோடு. கம்பி மாதிரி இறுகியிருக்கும், தண்ணீர் தெளித்துக் கையால் தேய்த்தால்தான் போகும். வேறு யாருக்கும் அது ஒரு விஷயமே இல்லை. நர்ஸிடம் சொன்னால் வேறு விரிப்பு கொடுப்பார், அதிலும் ஒரு கோடு இருக்கும். ஆனால் தன் சலவைக்கூடத்தில் விழுந்த கோட்டின் மேல் தன் பெண்சாதி படுத்துக் கிடக்கிறாள் என்பது அவரை என்னவோ செய்தது. மதியம் அவள் கண்ணயர்ந்தாள். நர்ஸ், "இப்போதைக்குப் பரவாயில்ல, போயிட்டு வாங்க" என்றார். இரண்டு பத்துக்குக் கீழே இறங்கினார்.

சலவைக்கூடத்தில் விரிப்பு மடிக்கிற அக்காதான் எடுத்துக் கொடுத்தாள். எல்லோருக்கும் அவள் மடிப்பக்கா. வயதில் மூத்தவர்களுக்கும் மடிப்பக்கா. உருளைக்குப் போகாத ஈர விரிப்பு ஒன்றை அவள் ஒரு முனையில் இழுத்துப் பிடிக்க, இவர் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்தார். ஓரத்திலிருந்து நடுவுக்குத் தேய்த்தால் சுருக்கம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். இரண்டு பக்கமும் தேய்த்தார். திருப்திப்படாமல் மறுபடியும் தேய்த்தார்.

இரண்டு ஐம்பத்திரண்டுக்கு அந்தச் சூடான விரிப்பைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு லிஃப்டில் ஏறினார். நாலாவது மாடியில் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்துவிடப்பட்டிருந்தது. விரிப்பை வராந்தா நாற்காலியில் வைத்துவிட்டு உள்ளே போனார். உள்ளே போய் நின்ற கொஞ்ச நேரத்தில் அவர் மணிக்கட்டு அதிர்ந்தது. காலையிலிருந்து அவளுக்கு விசிறிவிட்டது, இறங்கி ஏறியது, தேய்த்தது எல்லாம் சேர்ந்து பத்தாயிரம் ஆகிவிட்டதாம். பேண்டின் சின்னத் திரையில் வாணவேடிக்கை வெடித்தது. அதை நிறுத்துவது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

வராந்தாவில் வைத்த விரிப்பை ஆயா எடுத்து அலமாரியில் அடுக்கிவிட்டார். யாரோ ஒரு நோயாளி அதில் சுருக்கமில்லாமல் படுத்திருப்பார். அதைக் கவனித்திருக்க நியாயமில்லை.

மகள் மூன்றரைக்குத்தான் வந்து சேர்ந்தாள். ஒரு வாரம் கழித்து, வீட்டில் இருவர் மட்டும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தபோது தன் கைபேசியை அவர் முன்னால் வைத்தாள். அம்மா இறந்த நாளின் தேதி. இரண்டு பத்திலிருந்து இரண்டு ஐம்பத்திரண்டு வரை. மூவாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு அடி. கீழே செயலி தானாகவே எழுதியிருந்தது: வேகமான நடை. வாழ்த்துகள்!

"அம்மா மூச்சுக்குத் தவிச்சுட்டு இருக்கா. நீங்க வாக்கிங் போயிருக்கீங்க."

அவர் வாயைத் திறந்தார்.

"அதுவும் வேகமா," என்றாள் மகள்.

அவர் வாயை மூடிக்கொண்டார். நடந்தால் என்ன, தேய்த்தால் என்ன, பக்கத்தில் இல்லை. அது ஒன்று. நடக்கவில்லை என்று சொன்னால், டாக்டர் சொன்ன நடையை ஒரு நாளும் நடந்ததில்லை என்றும் சொல்லியாக வேண்டும். அது இரண்டு. இரண்டையும் விடப் பெரியது, செத்துப்போனவளின் விரிப்பை இழுத்துவந்து தனக்குச் சாட்சி சொல்ல வைப்பது. அது அவரால் ஆகாது. மகள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அதன் பிறகு வரவுமில்லை, கூப்பிடவுமில்லை. இரண்டு வருஷம்.

ஆனால் குடும்பம் என்ற பட்டியலிலிருந்து அவள் தன்னை நீக்கவில்லை. மறந்துவிட்டாளா, மனமில்லையா என்று அவருக்குத் தெரியாது. தினமும் வேலை முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்ததும் செயலியைத் திறப்பார். மகள்: நாலாயிரத்து இருநூறு. சரி, நன்றாக இருக்கிறாள். மகள்: ஐயாயிரம். இன்று கடைக்குப் போயிருப்பாள். ஒரு முறை மூன்று நாள் தொடர்ந்து இருநூறு முந்நூறு என்றே கிடந்தது. காய்ச்சலாகத்தான் இருக்க வேண்டும். நாலாம் நாள் எண் ஏறியதைப் பார்த்த பிறகுதான் அவருக்குச் சோறு இறங்கியது. பேச்சுவார்த்தை இல்லாத வீட்டில் விளக்கு எரிகிறதா என்று தெருவில் நின்று பார்த்துவிட்டுப் போகிற மாதிரி. அவளும் தன் எண்ணைப் பார்க்கிறாளா என்பதுதான் அவருக்குத் தெரியாமல் இருந்தது. பார்த்தால், அப்பா இன்னும் இருபத்தோராயிரம் நடக்கிறார், கல்லு மாதிரி இருக்கிறார் என்று இருந்துவிட்டுப் போகட்டும்.

இந்த நிலையில்தான் பேண்டுக்கு உயிர் போகத் தொடங்கியது. காலையில் முழு சார்ஜோடு கிளம்பினால் பத்து மணிக்கே கண்ணை மூடிவிடும். வார் வேறு இரண்டு இடத்தில் வெடித்து, மருந்துப் பிளாஸ்திரியால் கட்டுப் போட்டிருந்தார்.

"அண்ணே, இதுக்கு ஐசியூவுல ஒரு பெட் கேளுங்க," என்றாள் மடிப்பக்கா. "ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்குங்கண்ணே. ஊர் உலகமே கட்டியிருக்கு."

"பட்டியல் போயிடுமோன்னு பயமா இருக்கு."

மடிப்பக்கா கையிலிருந்த விரிப்பை மடிக்கத் தொடங்கினாள். அவளுக்கு எல்லாம் தெரியும். விரிப்பின் மறுமுனையைப் பிடித்தவள். மகளிடம் எதையும் சொல்ல வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் இரண்டு வருஷமாக வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். அவளை அறிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும்.

கடைக்காரர் உற்சாகமாக இருந்தார்.

"சார், இது இதயத்தைப் பாக்கும், தூக்கத்தைப் பாக்கும், ஃபோன் வந்தா கையிலயே பேசலாம். நீங்க வழுக்கி விழுந்தீங்கன்னு வைங்க, இதுவே உங்க வீட்டுக்குத் தகவல் சொல்லிடும்."

"விழணுமா?"

"விழுந்தா, சார்."

"பட்டியல்ல இருக்கிறவங்க இருப்பாங்களா?"

"அதே கம்பெனிதானே சார். உறவெல்லாம் அப்படியே வந்துடும்."

மாற்றத் தொடங்கியதும் கைபேசியில் ஒரு வளையம் சுற்றியது. பழைய கருவி நீக்கப்பட்டது என்றது. குடும்பம் என்ற இடம் காலியாக இருந்தது. கடைக்காரர் அடுத்த வாடிக்கையாளருக்கு இயர்ஃபோன் காட்டப் போய்விட்டார். இஸ்திரிக்காரர் கண்ணாடிப் பெட்டியின் மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு அந்த வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலு நிமிஷம். பிறகு வளையம் நின்று, ஒரு வரி வந்தது. மகள்: மூவாயிரத்து எழுநூறு.

"வந்துட்டாங்களா சார்?"

"வந்துட்டா," என்றார். நேராக வெளியே நடந்தார். மீதிச் சில்லறையை வாங்கவில்லை.

மறுநாள் கடிகாரத்தை வழக்கம்போல வலது கையில் கட்டிக்கொண்டு மேஜை முன்னால் நின்றார். பதினொரு மணிக்கு மணிக்கட்டு மெல்லத் தட்டியது. திரையில் ஒரு கேள்வி: நீங்கள் படகு வலிக்கிறீர்களா?

அவர் மடிப்பக்காவிடம் காட்டினார்.

"ஆமான்னு அமுக்குங்கண்ணே. எங்கயாவது போய்க் கரை சேரட்டும் நம்ம சலவைக்கூடம்."

அவர் எதையும் அமுக்கவில்லை. மூன்றரை மணிக்குப் பஸ்ஸில் உட்கார்ந்து செயலியைத் திறந்தார். ஆயிரத்து நூற்று நாற்பது. இன்னொரு தடவை பார்த்தார். அதே ஆயிரத்து நூற்று நாற்பதுதான். புதுக் கடிகாரம் கெட்டிக்காரக் கடிகாரம். போய்வருவது கையா காலா என்று அதற்குத் தெரிந்திருந்தது. பஸ் நிறுத்தத்திலிருந்து சலவைக்கூடம், சலவைக்கூடத்திலிருந்து கேன்டீன், திரும்பப் பஸ் நிறுத்தம். அறுபத்தோரு வயது மனிதன் ஒரு நாளில் நிஜமாக நடந்தது அவ்வளவுதான்.

மகள் பார்த்தால் என்ன நினைப்பாள்? இருபத்தோராயிரத்திலிருந்து ஒரே நாளில் ஆயிரம். செத்துக்கொண்டிருக்கிறார் என்றுதானே?

இரண்டாம் நாள் ஏமாற்றிப் பார்த்தார். கடிகாரத்தைக் கழற்றி இஸ்திரிப் பெட்டியின் கைப்பிடியில் கட்டினார். எண் அசையவில்லை. சூடாகிறது, தயவுசெய்து அகற்றவும் என்று மட்டும் மரியாதையாகச் சொன்னது. பஸ்ஸில் கையை ஆட்டினார். எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் யாருக்கு டாட்டா காட்டுகிறார் என்று திரும்பிப் பார்த்தார். மூன்றாம் நாள் வேறு வழியில்லாமல் அந்தக் கேவலமான காரியத்தைச் செய்தார்: நடந்தார். சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடாமல் தரைத்தளத்து வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். எக்ஸ்ரே அறை வாசலில் மூச்சு வாங்கியது. ரத்தப் பரிசோதனை வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டார். வார்டு பாய் ஒருவர், நாற்பத்தைந்து வயதுக்காரர், சக்கர நாற்காலியைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தி, "உக்காருங்க, எந்த வார்டு?" என்றார். அன்றைக்கு நாலாயிரம்.

நாலாம் நாள் காலை பதினொன்றரை. ஒரு வெள்ளைக் கோட்டின் இடது கையை முடித்து வலது கையை மேஜையில் விரித்தபோது கடிகாரம் அலறியது. திரையில் பச்சை வட்டம், சிவப்பு வட்டம். நடுவில்: மகள்.

இஸ்திரிப் பெட்டியை அதன் தாங்கியில் வைத்தார். இடது கை விரலில் தண்ணீர் பட்டிருந்ததால் பச்சையை மூன்று தடவை அமுக்க வேண்டியிருந்தது.

"அப்பா."

இரண்டு வருஷத்துக்குப் பிறகு வந்த முதல் சொல். அவர் மணிக்கட்டிலிருந்து வந்தது. சலவைக்கூடம் முழுக்கக் கேட்டது. உருளை இயந்திரத்தின் ஆள் இயந்திரத்தை நிறுத்தினார். மரியாதைக்கு நிறுத்தினாரா, சரியாகக் காதில் விழ வேண்டும் என்று நிறுத்தினாரா என்பதை அவர் இன்றுவரை சொல்லவில்லை.

"ம்," என்றார் இஸ்திரிக்காரர்.

"எந்த வார்டுல இருக்கீங்க?"

"வார்டா? கீழ சலவையில இருக்கேன்மா. வேலையில."

"பொய் சொல்லாதீங்க. ஆயிரத்து நூத்தி நாப்பது. அடுத்த நாள் ஆயிரத்தி இருநூறு. நேத்து நாலாயிரம், அதுவும் நின்னு நின்னு. நெஞ்சுத் துடிப்பு நூத்தி முப்பத்தஞ்சு போயிருக்கு. என்ன ஆச்சு உங்களுக்கு? மறுபடியும் அடைப்பா? யார்கிட்டயும் சொல்லாம படுத்துட்டீங்களா?"

பார்த்திருக்கிறாள். அவருக்கு அந்த நேரத்தில் அது ஒன்றுதான் மண்டையில் ஏறியது. தினமும் பார்த்திருக்கிறாள்.

"ஒண்ணும் இல்லம்மா. வாச்சு மாத்தினேன்."

"வாச்சு மாத்தினா காலுமா மாறிடும்?"

அவர் சுற்றிலும் பார்த்தார். ஏழு பேர் ஏழு திசையைப் பார்த்துக்கொண்டு ஏழு காதையும் இங்கே வைத்திருந்தார்கள். ஒலியைக் குறைப்பது எப்படி என்று கடைக்காரர் சொன்னது நினைவுக்கு வரவில்லை.

"பழசு, தேய்க்கிறதையும் நடைன்னு எண்ணிடும். இது எண்ண மாட்டேங்குது."

"எதைத் தேய்க்கிறதை?"

"துணியத்தான்."

"அப்போ இருபத்தோராயிரம்?"

"துணி."

"மூணு வருஷமா?"

"அம்மாவுக்குத் தெரியும்," என்றார், கூட்டாளியைக் காட்டிக்கொடுக்கிற குழந்தை மாதிரி.

அந்தப் பக்கம் காரின் இண்டிகேட்டர் மட்டும் டிக் டிக் என்று கேட்டது. எங்கேயோ ஓரமாக நிறுத்தியிருக்கிறாள். இஸ்திரிக்காரர் மணிக்கட்டைக் காதோடு வைத்துக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் என்ன கணக்குப் போடுகிறாள் என்று அவருக்குத் தெரிந்தது.

"அப்போ, அன்னைக்கு?"

எந்த நாள் என்று அவர் கேட்கவில்லை.

"மூவாயிரத்து நூத்திப் பன்னெண்டு," என்றாள் மகள். பார்த்துப் படிக்கிற குரல் இல்லை, மனப்பாடமான குரல். "ரெண்டு பத்துலேர்ந்து ரெண்டு அம்பத்திரண்டு."

மடிப்பக்கா கையிலிருந்த தலையணை உறையைக் கீழே வைத்தாள்.

"சொல்லுங்கண்ணே," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

"அது ஒரு பெட்ஷீட்டும்மா," என்றார்.

டிக் டிக். டிக் டிக். பிறகு அதுவும் நின்றது.

"வெச்சுட்டாளா?" என்றாள் மடிப்பக்கா.

"ம்."

கடிகாரம் ஒரு தடவை அதிர்ந்தது. நீங்கள் ஓய்வில் இருக்கும்போது இதயத் துடிப்பு அதிகமாக உள்ளது என்றது. உருளை மறுபடியும் ஓடத் தொடங்கியது. பாதியில் நின்ற கோட்டை எடுத்துத் தேய்த்தார். காலரை இரண்டு தடவை தேய்த்தார். அடுத்த கோட்டு. அதற்கடுத்தது. கை தன் பாட்டுக்குப் போய்வந்தது.

முக்கால் மணி நேரத்தில், துணிவண்டிகள் இறங்குகிற சரிவுப் பாதையில் மகள் இறங்கி வந்தாள். மேலே ஆம்புலன்ஸ் நிற்கிற இடத்தில் டிரைவிங் ஸ்கூல் கார் ஒன்று குறுக்காக நின்றது. ஓட்டுநர் இருக்கையில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர், இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பாடத்தின் நடுவிலேயே வந்திருக்கிறார்கள். நாலு சாலைச் சந்திப்பு வரைக்கும்தான் இன்றைய பாடம் என்று அவரிடம் சொல்லியிருந்தாளாம்.

இளைத்திருந்தாள். முன்தலையில் ஒரு நரை. பட்டியலில் வருகிற எண் இதையெல்லாம் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

"அந்தப் பழசு எங்க?"

மேஜைக்கு அடியில், சுவர் பிளக்கில் சார்ஜில் கிடந்தது. இனி வேலையில்லாத ஒன்றை அவர் இன்னும் தினமும் சார்ஜில் போட்டு வைத்திருந்தார். மகள் எடுத்தாள். பிளாஸ்திரி ஒட்டியிருந்த வாரைப் பார்த்தாள்.

"கையை நீட்டுங்க."

வலது கையை நீட்டினார். கடிகாரத்துக்கு மேலே, அதே கையில் கட்டிவிட்டாள். மடிப்பக்கா யாரும் கேட்காமலே ஒரு ஈர விரிப்பைக் கொண்டுவந்து மேஜையில் போட்டு, ஒரு முனையைப் பிடிக்கப் போனாள். பிறகு அந்த முனையை மகளின் கையில் கொடுத்துவிட்டு விலகிக்கொண்டாள்.

அவர் தேய்த்தார். நடுவிலிருந்து ஓரத்துக்கு. மகள் விரிப்பை இழுத்துப் பிடித்தபடி அவர் மணிக்கட்டையே பார்த்தாள். மேலே இருந்த பேண்ட் பன்னிரண்டு என்றது, ஐம்பது என்றது, நூற்று எண்பது என்றது. கீழே இருந்த கடிகாரம் வாய் திறக்கவில்லை. முந்நூறைத் தாண்டியபோது மகள் கேட்டாள்.

"அதுதான் உருளை இருக்கே. கையால எதுக்கு?"

"உருளையில சில நேரம் கோடு விழும். அம்மா, முதுகுல கோடு உறுத்துதுன்னு சொன்னா."

"எப்போ?"

"காலையில."

"அதுக்காகவா கீழ வந்தீங்க?"

அவர் தலையாட்டினார். கை நிற்கவில்லை.

"ஏன் சொல்லல?"

"சொல்லி? நடந்துட்டு இருந்தா என்ன, தேச்சுட்டு இருந்தா என்ன. பக்கத்துல இல்லையே நான்."

மறுத்துச் சொல்வாள் என்று மடிப்பக்கா எதிர்பார்த்தாள். உருளை ஆளும் எதிர்பார்த்தார்.

"இல்லதான்," என்றாள் மகள்.

ஆவி மேலே எழுந்தது. அவர் விரிப்பைத் திருப்பிப் போட்டார். அவள் மறுபடியும் முனையைப் பிடித்துக்கொண்டாள்.

"நானும்தான் இல்ல," என்றாள். "ஆஸ்பத்திரியிலேர்ந்து மூணு தடவை கூப்பிட்டிருக்காங்க. சைலண்ட்ல போட்டிருந்தேன். ஒருத்தர் ரிவர்ஸ் எடுத்துட்டு இருந்தார், ரொம்பப் பயந்த ஆளு. அவரை முடிச்சு விட்டுட்டு அப்புறம் பாக்கலாம்னு." கொஞ்சம் நிறுத்தினாள். "அந்த நேரத்துக்கு என் எண்ணையும் பாத்தேன்பா. பூஜ்யம். உக்காந்துட்டு இருந்தேன்ல. உங்களுக்காவது ஒரு நம்பர் இருந்துச்சு, சண்டை போட."

இஸ்திரிப் பெட்டி ஒரு வினாடி ஒரே இடத்தில் நின்றுவிட்டது. அவர் தொழிலில் அது பெரிய குற்றம். உடனே எடுத்துவிட்டார். துணிக்கு ஒன்றும் ஆகவில்லை.

கடைசி ஓரத்தை முடித்து, பெட்டியைத் தாங்கியில் வைத்தார். பேண்ட் எழுநூற்றுச் சொச்சத்தில் நின்றது. மகள் அதைப் பார்க்கவில்லை. உள்ளங்கையை விரிப்பின் மேல் வைத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாகத் தடவிக்கொண்டு போனாள். முதுகு படுகிற இடத்தில் இரண்டு தடவை தடவினாள். துணி இன்னும் சூடாக இருந்தது.

"கோடு இல்லப்பா," என்றாள்.

மேலேயிருந்து ஹாரன் அடித்தது. ஆம்புலன்ஸ் வந்துவிட்டது போலும்; கணக்கு வாத்தியாருக்கு ரிவர்ஸ் இன்னும் சொல்லிக்கொடுக்கவில்லை. மகள் முகத்தைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு சரிவுப் பாதையை நோக்கிப் போனாள். பாதியில் திரும்பினாள்.

"அஞ்சரைக்கு வீட்டுக்கு வரேன். நடக்கணும். இந்தத் தடவை காலால."

"எவ்வளவு?"

"மூச்சு வாங்குற வரைக்கும். அப்புறம் உக்காந்துட்டுத் திரும்பலாம்."

மடிப்பக்கா விரிப்பை நாலாக மடித்து, மேலே போகிற வண்டியில் வைத்தாள். இஸ்திரிக்காரர் பழைய பேண்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். பிறகு கடிகாரத்தைத் தடவியபடி, பாதையில் நின்றவளைப் பார்த்துக் கேட்டார்.

"இதை எந்தக் கையில கட்டிட்டு வரணும்?"

"எதுல வேணும்னாலும் கட்டிக்கோங்க," என்றாள் மகள். "நான் பக்கத்துலதானே வருவேன்."